பன்னிரண்டு கேள்வியும் பதினான்காம் கவுன்ட்டரும்

ஜூன் 3

அன்புள்ள புலிக்கு,

அண்ணி எழுதுகிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நீயோ நானோ கத்திவிட்டு வைத்துவிடுகிறோம். ஒன்றரை வருடமாக இதே கதை. "இனிமே எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க அண்ணி" என்று போன மாதம் நீதான் சொன்னாய். அனுப்பிவிட்டேன், உட்கார்ந்து படி.

கூட வரும் பார்சல் எங்கள் மருத்துவமனையிலிருந்து உங்கள் ஆய்வு நிறுவனத்துக்கு. கணக்குப் பார்க்கப்போவது என் சொந்த நாத்தனார் என்று உங்கள் அலுவலகக் கடிதத்தின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சின்ன வயதிலேயே வீட்டில் உனக்குப் புலி என்று பேர் வைத்தது சரிதான், கணக்கு எங்கே இருந்தாலும் நீ அங்கே இருக்கிறாய்.

எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வயிற்றுவலி, முதுகுவலி, தலைச்சுற்றல் என்று வருகிறவர்களில் பலருக்கு மனம்தான் சரியில்லை. சிலருக்கு ஓயாத பயம், சிலருக்கு எதிலும் ஒட்டாத சோர்வு. அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு தாள் இருக்கிறது. தூக்கம் கெடுகிறதா, அழுகை வருகிறதா என்று பன்னிரண்டு கேள்விகள். நான் வாசிப்பேன், அவர்கள் ஆமாம், இல்லை என்பார்கள். ஐந்து ஆமாம் வந்தால் தாழ்வாரத்தின் கடைசி அறையில் இருக்கும் ஆலோசகரிடம் அனுப்புவோம்.

அந்த அறைக்குத்தான் இப்போது ஆபத்து. எக்ஸ்ரே பிரிவின் தலைவருக்குப் பழைய படங்களை அடுக்க இடம் வேண்டுமாம். இஞ்ச் டேப்போடு வந்து இரண்டு முறை அளந்துவிட்டுப் போய்விட்டார். தாள் சரியாகக் கண்டுபிடிக்கிறது என்று நிரூபித்தால் அறை இருக்கும், இல்லையென்றால் ஜூலை கடைசியில் காலி செய்ய வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்காக முப்பது நாள், நாளைக்கு எட்டுப் பேர் என்று இருநூற்று நாற்பது பேரிடம் தாளைப் படித்தேன். அதன் பிறகு மனநல டாக்டர் ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசினார். தாளில் எத்தனை ஆமாம் என்பது அவருக்குத் தெரியாது. நோய் இருப்பதாக அவர் சொன்னது அறுபது பேர். அந்த அறுபதில் ஐம்பத்தேழு பேரைத் தாள் முன்னமே பிடித்துவிட்டது! நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. நானே போட்ட கணக்கு. உனக்கு வேலை மிச்சம், கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பு.

உன் அண்ணன் நன்றாக இருக்கிறார். இதய அறுவை நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. படியெல்லாம் ஏறுகிறார். நீ வீட்டை விட்டுப் போவதற்கு முன்னால் நான் சொன்னதை இன்னும் மனதில் வைத்திருக்கிறாய் என்று தெரியும். ஒன்றும் இல்லாததை ஒன்றும் இல்லை என்று சொன்னது அவ்வளவு பெரிய குற்றமா?

உன் அண்ணி


ஜூன் 11

அன்புள்ள அண்ணிக்கு,

தொண்ணூற்றைந்து என்று பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். அடுத்த நிமிடம் பயந்துவிட்டேன். இந்த மாதிரித் தாள்கள் எண்பதைத் தொட்டாலே நாங்கள் ஆளுக்கு ஆள் கைகொடுத்துக்கொள்வோம். தொண்ணூற்றைந்து எங்கிருந்து வந்தது என்று மூன்று நாள் தேடினேன்.

டாக்டரிடம் போகும் வரிசைக்கு நீங்கள் கொடுத்த டோக்கன் எண்ணில் கிடைத்தது. அதிகமாக ஆமாம் சொன்னவர்கள் மொத்தம் அறுபத்தாறு பேர். அவர்களில் அறுபத்துநான்கு பேரின் டோக்கன் ஒன்று, இரண்டு அல்லது மூன்று. தினமும், முப்பது நாளும். இது தற்செயலாக நடக்காது அண்ணி. கஷ்டத்தில் இருப்பவர்கள் காத்திருக்கக் கூடாது என்று நீங்கள்தான் அவர்களை முன்னால் அனுப்பியிருக்கிறீர்கள். அது நீங்கள்தான், வேறு யாராக இருக்க முடியும்?

ஆனால் டாக்டருக்குத் தாள் சொன்னது தெரியக் கூடாது என்பதுதான் இந்தச் சோதனையின் உயிர். முதலில் வருகிறவர்களுக்கு நோய் இருக்கிறது என்று நாலு நாளில் அவருக்குப் பழகியிருக்கும். அவர் தாள் சொன்னதையே திருப்பிச் சொல்லியிருக்கிறார். இந்தத் தொண்ணூற்றைந்து செல்லாது. என்னால் கையெழுத்துப் போட முடியாது.

இன்னொன்று. அச்சடித்த தாளின் ஓரத்தில் பென்சிலால் 'கூட வந்தவர்: மகன்', 'கூட வந்தவர்: யாரும் இல்லை' என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். ஆய்வுத் தாளில் கண்டதையும் எழுதக் கூடாது.

புலி


ஜூன் 16

புள்ளியியல் பிரிவு அலுவலர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் பொய்க்கணக்கு எழுதியிருக்கிறேன் என்பதை இத்தனை மரியாதையாகச் சொன்னதற்கு நன்றி.

எட்டரை மணிக்கு ஒரு பெண் என் முன்னால் உட்கார்ந்து பத்துக் கேள்விக்கு ஆமாம் என்கிறாள். பிள்ளைக்குத் தலை வாரிவிடக்கூட கை எழவில்லை என்கிறாள். அவளைப் பார்த்து, "நீ எட்டாவது ஆளு, ஒரு மணி வரைக்கும் பெஞ்சுல உக்காரு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்கு வருமா? வரும் போலிருக்கிறது. உனக்கு அவள் ஒரு டோக்கன் எண்.

அந்த டாக்டர் இருபது வருடம் அனுபவம் உள்ளவர். வரிசையைப் பார்த்து வைத்தியம் பார்க்கிறவர் இல்லை. நீ பழைய கோபத்தைத் தீர்த்துக்கொள்ள என் தலையில் கல்லைப் போடுகிறாய். போடு. ஜூலையில் அந்த அறையில் எக்ஸ்ரே படங்கள் தூங்கட்டும், உனக்கும் நல்ல தூக்கம் வரட்டும்.

பென்சிலைப் பற்றி: மருந்தை எப்படிக் கொடுப்பது என்று யாரிடம் விளக்கிச் சொல்ல வேண்டும் என்பதற்காக, கூட வந்தவர் யார் என்று எழுதுவது இருபத்தாறு வருடப் பழக்கம். உனக்காக மாற்றிக்கொள்ள முடியாது.

தலைமைச் செவிலியர்,
புறநோயாளிகள் பிரிவு


ஜூன் 21

அண்ணி,

நீங்கள் பொய் சொன்னதாக நான் எங்கேயும் எழுதவில்லை. இரக்கப்பட்டீர்கள் என்றுதான் எழுதினேன். கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான் என்பது என் தப்பில்லை.

பழைய கோபம் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதை இதில் கலக்கவில்லை. யோசித்துப் பாருங்கள். இந்தத் தாளை நம்பி நாளைக்கு வேறு பத்து மருத்துவமனைகள் எடுத்துக்கொள்ளும். "உனக்கு ஒண்ணும் இல்ல, போ" என்று தாள் சொல்கிற ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நூற்றில் ஐந்து பேர் தப்பிப்போகிறார்களா, முப்பது பேரா என்று தெரியாமல் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

என்னை நம்ப வேண்டாம். டாக்டரையும் கேட்க வேண்டாம், அவருக்கே தெரிந்திருக்காது. அந்த அறைக்குள் போய்வருகிற வேறு யாரையாவது கேளுங்கள். முதல் ஆளுக்கும் எட்டாவது ஆளுக்கும் நடுவே அங்கே என்ன மாறுகிறது என்று.

புலி


ஜூலை 2

அன்புள்ள புலி,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உன்னைப் பொய்யாக்கிக் காட்டவேண்டும் என்றுதான் விசாரிக்கக் கிளம்பினேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? டாக்டரின் அறையைப் பெருக்கித் துடைக்கும் அம்மாவைப் பிடித்தேன். அவர் யோசிக்கவே இல்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்:

"அதுவா சிஸ்டர்? காலையில நான் மேசையைத் துடைக்கும்போது அந்த டிஷ்யூ பெட்டி நோயாளி பக்கத்துல இருக்கும். பத்தரைக்கு டீ டம்ளர் எடுக்கப் போவேன், அப்ப அது டிராயருக்குள்ள போயிருக்கும். அதுக்கப்புறம் யாரும் அழமாட்டாங்கன்னு டாக்டருக்குத் தெரியும்போல."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நேரே டாக்டரிடம் போய் அதையே சொன்னேன். அவர் டிராயரைத் திறந்து பெட்டியைப் பார்த்தார். பிறகு, "சிஸ்டர், மூணாவது ஆளுக்கு மேல நான் கேக்குறதையே பாதியில நிறுத்தியிருக்கேன்போல" என்றார். நல்ல மனுஷன். தன் தப்பைத் தானே எடுத்து மேசைமேல் வைத்தார்.

அப்படியென்றால் நாலாவது, ஐந்தாவது ஆளாகப் போய் ஒன்றும் சொல்லாமல் திரும்பியவர்களில் எத்தனை பேருக்கு நோய் இருந்ததோ!

பெரிய டாக்டரிடம் போய், என் தொண்ணூற்றைந்து செல்லாது, டோக்கன் கொடுத்ததில் தப்புச் செய்தது நான், திரும்பச் செய்ய அவகாசம் வேண்டும் என்று கேட்டேன். எக்ஸ்ரேகாரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நவம்பர் பதினெட்டுவரை கொடுத்திருக்கிறார். "இன்னொரு தடவை இப்படி வந்து நிக்காதீங்க சிஸ்டர்" என்றார்.

எப்படிச் செய்ய வேண்டும், சொல். ஆனால் ஒன்று. கடைசிக் கேள்விக்கு, உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று தோன்றுகிறதா என்பதற்கு, ஆமாம் சொல்கிறவர்களை நான் பெஞ்சில் உட்கார வைக்கமாட்டேன். நீ இல்லை, உன் நிறுவனமே வந்து நின்றாலும் மாட்டேன்.

அண்ணி


ஜூலை 8

அன்புள்ள அண்ணிக்கு,

பெரிய டாக்டர் முன்னால் நின்று நீங்கள் சொன்னதை எங்கள் பிரிவில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். இங்கே பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்களெல்லாம் செய்யாத காரியம் அது. என் அண்ணி என்று சொல்லிக்கொண்டேன்.

கடைசிக் கேள்வி விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. முதலிலேயே அதை நான் யோசித்திருக்க வேண்டும். அதற்கு ஆமாம் சொல்கிறவரை அந்த நிமிடமே ஆலோசகரிடம் நீங்களே கையைப் பிடித்து அழைத்துப்போங்கள். அவர் ஆய்வில் சேரமாட்டார். அவருக்குப் பதில் வேறொருவரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்குச் சீட்டுக் குலுக்கல். எட்டுச் சீட்டை ஒரு டப்பாவில் போட்டு அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள். எட்டு பேரையும் ஒன்றாக உட்கார வைக்காமல், சீட்டில் வந்த எண்படி இரண்டிரண்டு பேராக டாக்டரிடம் வர நேரம் சொல்லிவிட்டால் யாரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். உங்கள் மனதும் ஆறும், என் கணக்கும் கெடாது.

டிஷ்யூ பெட்டியை மேசையோடு ஒட்டிவிடச் சொல்லுங்கள்.

புலி


ஆகஸ்ட் 27

அன்புள்ள புலி,

இரண்டாவது பார்சல் வருகிறது. அதே இருநூற்று நாற்பது. இந்தத் தடவை நான் விரல்விட்டு எண்ணவே இல்லை, பயம்.

டப்பாவில் கைவிட்டுச் சீட்டு எடுப்பது சிலருக்குப் பரிசுக் குலுக்கல் மாதிரி ஆகிவிட்டது. ஒரு பெரியவர் ஒன்றாம் நம்பர் கிடைத்ததும் கையை உயர்த்திப் பெஞ்சுக்காரர்களுக்கெல்லாம் காட்டினார். டிஷ்யூ பெட்டியை டாக்டரே பசை போட்டு ஒட்டிவிட்டார். காகிதம் தீர்ந்தால் எப்படிப் பெட்டியை மாற்றுவது என்று துடைக்கும் அம்மா கேட்டார்.

கடைசிக் கேள்விக்கு ஆமாம் சொன்ன ஆறு பேரையும் நானே அழைத்துப்போனேன். ஆறு பேரும் இன்னும் வந்துபோகிறார்கள்.

ஓரத்தில் பென்சில் எழுத்து இருக்கும். வேண்டாம் என்றுதான் நினைத்தேன், கை கேட்கவில்லை. ரப்பர் உன்னிடம் இருக்குமே, அழித்துக்கொள்.

அண்ணி


செப்டம்பர் 3

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் கெட்ட செய்தி. உட்கார்ந்துகொள்ளுங்கள். டாக்டர் இந்தத் தடவை கண்டுபிடித்தது எழுபது பேர். தாள் பிடித்தது நாற்பத்தொன்பதே பேர். நூற்றுக்கு எழுபது. இருபத்தொரு பேரைப் பார்த்து உனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறது. இதை வைத்து அறையைக் காப்பாற்ற முடியாது.

இப்போது மற்றது. அழிக்கலாம் என்று ரப்பரைக் கையில் எடுத்துக்கொண்டுதான் தாள்களைப் பிரித்தேன். தப்பிப்போன இருபத்தொரு பேரின் தாள்களையும் தனியாக மேசைமேல் பரப்பினேன். வயது, வேலை, படிப்பு எதிலும் ஒற்றுமை இல்லை. ஓரத்தில் உங்கள் பென்சில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. கூட வந்தவர்: கணவர். கூட வந்தவர்: மாமியார். கூட வந்தவர்: மகள். கூட வந்தவர்: அப்பா. ரப்பரைக் கீழே வைத்துவிட்டேன்.

எழுபது பேரில் தனியாக வந்தவர்கள் முப்பது. அவர்களில் இருபத்தேழு பேரைத் தாள் பிடித்துவிட்டது. துணையோடு வந்தவர்கள் நாற்பது. அவர்களில் பிடித்தது வெறும் இருபத்திரண்டு. டாக்டரிடம் தனியாக உட்கார்ந்தபோது சொன்னதை, உங்கள் மேசையில் வீட்டு மனுஷர் பக்கத்தில் இருந்தபோது பதினெட்டு பேர் சொல்லவில்லை.

தாள் நல்ல தாள்தான் அண்ணி. பக்கத்து நாற்காலிதான் கோளாறு. அதைக் காலி செய்துவிட்டுத் திரும்பக் கேட்டால் நாம் ஜெயிக்கலாம். கண்டதையும் எழுதக் கூடாது என்று உங்களுக்கு எழுதினேனே, அந்த வரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அந்தப் பதினெட்டு பேரின் முகம் எனக்குத் தெரியாது. ஆனாலும் நன்றாகத் தெரிந்தவர்கள் மாதிரி இருந்தது.

புலி


செப்டம்பர் 10

என் கண்ணே,

உன் கடைசி இரண்டு வரியை நாலு தடவை படித்தேன். பிறகு எழுந்து போய் இரும்பு அலமாரியைத் திறந்தேன். இந்தத் தாள் முதல்முதலில் அச்சாகி வந்தபோது பழகிப்பார்க்க நிரப்பிய பத்துத் தாள்களின் கட்டு அடித்தட்டில் இருந்தது. முதல் தாள் உன்னுடையது.

அன்றைக்கு நடந்தது எல்லாம் நினைவுக்கு வந்தது. உனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, வயிறு வலிக்கிறது என்று உன் அண்ணன் அழைத்துவந்தார். அவருக்கு நெஞ்சில் அறுவை முடிந்து மூன்று மாதம்தான். உன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நான் பன்னிரண்டு கேள்வியையும் கடகடவென்று வாசித்தேன். நீ பன்னிரண்டுக்கும் இல்லை என்றாய். ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாய். நான் பார்த்தேன், பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

"பாத்தியா, உனக்கு ஒண்ணும் இல்ல, வேலைக்குப் போகச் சோம்பல்" என்று சிரித்தேன். பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். இரண்டாம் நாள் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டுப் போனாய்.

ஓரத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது, 'கூட வந்தவர்: அண்ணன்'.

இருபத்தாறு வருடம் நர்ஸ் வேலை பார்த்து என்ன பிரயோஜனம்? என் வீட்டுப் பெண்ணுக்கு என்ன என்று தெரியவில்லை. ஒன்றும் இல்லாததை ஒன்றும் இல்லை என்று சொன்னேன் என்று ஜூன் மாதம்கூடத் திமிராக எழுதினேனே. என்னை மன்னித்துவிடு. மன்னிக்க முடியாவிட்டாலும், இப்போது எப்படி இருக்கிறாய் என்று மட்டும் எழுது. வேலையை அப்புறம் பேசலாம்.

அண்ணி


செப்டம்பர் 15

அன்புள்ள அண்ணிக்கு,

நன்றாக இருக்கிறேன். இதை உங்களுக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொல்கிறேன்.

அன்று நீங்கள் மூன்றாவது கேள்வியை வாசித்தபோது, ஆமாம், தினமும் அழுகிறேன் என்று சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். அண்ணன் என் பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அந்த நெஞ்சுக்கு இது ஆகாது என்று நினைத்தேன். அப்புறம் இல்லை என்பது வரிசையாகத் தானே வந்துவிட்டது. நீங்கள் சிரித்ததுதான் தாங்கவில்லை. என் பொய்யை நீங்கள் நம்பிவிட்டீர்களே என்று உங்கள்மேல் கோபம். நியாயமே இல்லாத கோபம், ஆனால் ஒன்றரை வருடம் நன்றாக வேலை செய்தது.

இங்கே வந்து நாலாவது மாதம் நானாகவே ஒரு டாக்டரிடம் போனேன், தனியாக. எட்டு மாதம் மாத்திரையும் பேச்சும். இப்போது தூங்குகிறேன், சாப்பிடுகிறேன், ஜூன் மாதம் உங்களோடு சண்டை போடுமளவுக்குத் தெம்பும் வந்துவிட்டது.

ஆக மன்னிப்பு எல்லாம் முடிந்தது. இப்போது வேலையைப் பேசலாம். கூட வந்தவரை எழுப்ப ஒரு வழி கண்டுபிடியுங்கள். வெளியே போங்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னால் சந்தேகம் வரும், நோயாளிக்கு வீட்டில் பிரச்சினை ஆகும். பத்து நிமிடம் அவர்கள் தாங்களாகவே எழுந்து போக வேண்டும். இது புள்ளியியலில் இல்லை. உங்கள் மூளையில்தான் இருக்கும்.

உங்கள் புலி


அக்டோபர் 29

என் அன்புப் புலிக்கு,

மூன்றாவது பார்சல் வருகிறது. வழி கண்டுபிடித்தேனா என்று கேட்டாயே, கேள்.

பதினான்காம் கவுன்ட்டர் தெரியும் இல்லையா, கட்டடத்தின் மறுகோடியில், மாடிப்படிக்குக் கீழே. அங்கே ஒரு எழுத்தர் நாள் முழுவதும் யாரும் வராமல் உட்கார்ந்திருப்பார். ஒரு மஞ்சள் சீட்டு அச்சடித்தேன். 'துணைக்கு வந்தவர் வருகைச் சீட்டு' என்று தலைப்பு. நோயாளி உட்கார்ந்ததும் கூட வந்தவரிடம் நீட்டி, "இதுல பதினாலாம் கவுன்ட்டர்ல ஒரு முத்திரை வாங்கிட்டு வந்துருங்க, அது இல்லாம உள்ள விடமாட்டாங்க" என்பேன். போய்வரப் பத்து நிமிடம். எனக்குப் பன்னிரண்டு கேள்விக்கு எட்டு நிமிடம் போதும்.

முத்திரை எதற்கு என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. முத்திரை என்றால் எழுந்து ஓடுகிறார்கள்! எழுத்தருக்கும் பெருமை பிடிபடவில்லை. புது மை வாங்கியிருக்கிறார், அவர் முன்னால் வரிசை நிற்கிறது. எக்ஸ்ரேகாரரே ஒரு நாள் தன் மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். அவரும் சீட்டை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று போனாரே பார்க்கணும். அவர் திரும்பி வருவதற்குள் அந்த அம்மா என்னிடம் என்ன சொன்னார் என்பதை உனக்கும் எழுதமாட்டேன்.

நாற்காலி காலியானதும் என்ன ஆகிறது தெரியுமா? முதல் கேள்விக்கு முன்னாலேயே ஒரு பெருமூச்சு வருகிறது.

என்ன எண் வரும் என்பதைவிடப் பெரிய பயம் எனக்கு இப்போது எதுவும் இல்லை. சீக்கிரம் சொல்.

அண்ணி


நவம்பர் 5

அண்ணி! அண்ணி! அண்ணி!

எழுபத்திரண்டில் அறுபத்துமூன்று! நூற்றுக்கு எண்பத்தேழரை! டோக்கனைப் பார்த்தேன், சீட்டுக் குலுக்கல் குலுக்கல்தான். டாக்டர் முதல் ஆளிடம் கண்டதையும் எட்டாவது ஆளிடம் கண்டதையும் பிரித்துப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. மூன்று நாள் எங்கே ஓட்டை என்று தேடினேன். என் மேலதிகாரியும் தேடினார். இல்லவே இல்லை.

நோய் இல்லாத நூற்று அறுபத்தெட்டு பேரில் இருபத்தைந்து பேரையும் தாள் சும்மா பிடித்து உட்கார வைத்திருக்கிறது. அதையும் அறிக்கையில் எழுதியிருக்கிறேன், இன்னும் ஒன்பது பேர் தப்புவதையும் எழுதியிருக்கிறேன். யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த இருபத்தைந்து பேருக்கு ஆலோசகரிடம் பத்து நிமிடம் வீண், அவ்வளவுதான்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு இடத்தில் போடச் சொன்னார்கள், நான் எல்லாப் பக்கத்திலும் போட்டிருக்கிறேன்.

புலி


நவம்பர் 19

என் தங்கத்துக்கு,

ஜெயித்துவிட்டோம்!

நேற்றுக் கூட்டம். எக்ஸ்ரேகாரர் இஞ்ச் டேப்பை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய டாக்டர் உன் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "தொண்ணூத்தஞ்சுலேருந்து எண்பத்தேழரைக்கு இறங்கியிருக்கு, இதுல சந்தோஷப்பட என்ன இருக்கு சிஸ்டர்?" என்றார்.

எழுந்து நின்றேன். "சார், அந்தத் தொண்ணூத்தஞ்சு நாங்க எங்களுக்கே சொல்லிக்கிட்டது. இந்த எண்பத்தேழரை நோயாளிங்க சொன்னது" என்றேன். டோக்கன், டிஷ்யூ பெட்டி, பென்சில், மஞ்சள் சீட்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மனநல டாக்டர் நடுவில் எழுந்து, பெட்டியை டிராயரில் போட்டது நான்தான் என்று தானே சொன்னார்.

பிறகு எக்ஸ்ரேகாரர் கையை உயர்த்தினார். வந்தது வினை என்று நினைத்தேன். "அந்த அறை இருக்கட்டும். என் படங்களுக்கு வேற இடம் பாத்துக்கறேன்" என்றார். என்னை ஒரு தடவை பார்த்தார், நான் தலையாட்டினேன்.

அறை நிரந்தரம். ஆலோசகர் இனி இரண்டு பேர். உன் பெயரும் என் பெயரும் சேர்ந்து அறிக்கையில் அச்சாகப்போகிறது. 'கூட வந்தவர்' என்பதைத் தாளிலேயே அச்சடிக்கப்போகிறார்கள், பென்சிலுக்கு ஓய்வு. பதினான்காம் கவுன்ட்டரை மூடக் கூடாது என்று தனியாக ஒரு தீர்மானம். இஞ்ச் டேப்பை எக்ஸ்ரேகாரர் மறந்து வைத்துவிட்டுப் போனார். மஞ்சள் சீட்டோடு, முத்திரையும் வாங்கி, திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஆலோசகரின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அறையில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான். நீ அங்கே இல்லையே என்பதும் கொஞ்சம்.

எப்போது வருகிறாய்?

அண்ணி


நவம்பர் 24

அன்புள்ள அண்ணிக்கு,

சனிக்கிழமை காலை ஏழேகால் ரயிலில் வருகிறேன். பத்து நாள் லீவு.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். உங்கள் அலமாரியில் இருக்கும் என் பழைய தாளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வையுங்கள். பன்னிரண்டில் பதினொன்றுக்கு இல்லை. மூன்றாவதுக்கு, அழுகை வருகிறதா என்பதற்கு, ஆமாம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது வந்தது, மறைப்பானேன்? ஓரத்தில் நானே பென்சிலால் எழுதிவிட்டேன், 'கூட வந்தவர்: யாரும் இல்லை'. இந்தத் தடவை எல்லாம் நிஜம்.

ஸ்டேஷனுக்கு நீங்கள் மட்டும் வாருங்கள் அண்ணி. உங்களிடம் நிறையப் பேச வேண்டும், அதில் பாதி அண்ணன் காதில் விழக் கூடாது. நானும் வருவேன் என்று அவர் கட்டாயம் அடம்பிடிப்பார். மஞ்சள் சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்து, பதினான்காம் கவுன்ட்டருக்கு அனுப்பிவிடுங்கள்.

உங்கள் புலி